பல்லு வச்ச அந்துப்பூச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "மகரந்தத்தை மென்னு தின்ற அந்துப்பூச்சி ஒண்ணு இருக்கு"ன்னு போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிட்டேன். தப்பு என்மேலதான். வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல அதைப் பிடிச்சுக்கிட்டு உலுக்கி எடுத்துட்டீங்க. சரி, இந்த தடவை முழுக்க அந்தப் பூச்சிதான், சமையல் கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கங்க.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு வாசகி): போன மே மாசம் மக வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். காலையில நடக்கப் போற பாதை ஓரமா புல்வெளி முழுக்க மஞ்சப் பூ, பட்டர்கப்னு மக சொன்னா. ஒரு பூவுக்குள்ள எட்டிப் பாத்தேன், நொய்யரிசி கணக்கா பத்துப் பதினஞ்சு பூச்சி, வெண்கலப் பாத்திரத்தைத் தேச்சு வச்ச மாதிரி மினுக்குது. ஈன்னு நினைச்சேன். பக்கத்து வீட்டு அம்மா அதை அந்துப்பூச்சிங்கிறாங்க, என் பேரன் "பாட்டி, அந்துப்பூச்சிக்கு வாயில ஸ்ட்ரா தான் இருக்கும், இது என்னமோ மெல்லுது"ங்கிறான். யார் சொல்றது சரி?

பதில்: ரெண்டு பேர் சொல்றதும் சரிம்மா. அது அந்துப்பூச்சிதான், ஆனா உங்க பேரன் பாத்தது நிஜம், அது மெல்லத்தான் செய்யுது.

நீங்க பாத்தது அனேகமா மைக்ரோப்டெரிக்ஸ் கால்தெல்லா. உயிரினங்களுக்குப் பேர் வைக்கிற முறையை வகுத்த லின்னேயஸ் 1761லயே இதுக்குப் பேர் வச்சுட்டார். ஈர நிலத்துல வளர்ற மார்ஷ் மேரிகோல்டுன்னு ஒரு மஞ்சப் பூ, அதோட லத்தீன் பேர் கால்தா, அந்தப் பூவுல கூட்டமா இருக்கிறதால பூவோட பேரே பூச்சிக்கும் ஒட்டிக்கிச்சு. ரெண்டு ரெக்கையையும் விரிச்சு அளந்தா ஒரு சென்டிமீட்டர் தாண்டாது. தலையில ஆரஞ்சு மஞ்சளா பரட்டை முடி, முன்ரெக்கை பொன்னும் வெண்கலமும் கலந்த நிறம், ரெக்கை உடம்போட சேர்ற இடத்துல கொஞ்சம் ஊதா. பிரிட்டன்ல இந்த மைக்ரோப்டெரிக்ஸ் இனத்துல அஞ்சு வகை இருக்கு, கால்தெல்லா அதுல சாதாரணமா கண்ணுல படுறது. மே, ஜூன் மாசம் வெயில் நல்லா அடிக்கிற பகல்ல தான் வெளிய வரும், அதனால உங்க மாதிரி காலையில நடக்கப் போறவங்க கண்ணுல மாட்டுது.

இப்ப வாய்க்கு வருவோம், விஷயமே அங்கதான் இருக்கு. வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு சுருள் குழல் இருக்குமே, கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டி வச்சுக்கும், பூவுல உக்காந்ததும் நீட்டித் தேனை உறிஞ்சும். அந்தக் குழல் ஒண்ணும் புதுசா முளைச்ச உறுப்பு இல்ல. எல்லாப் பூச்சிக்கும் தாடைக்குப் பின்னாடி ஒரு ஜோடி துணை உறுப்பு இருக்கு, அதுல ஒரு சின்னத் துண்டு நீண்டுக்கிட்டே போய், இடது வலது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் குழலா ஆயிடுச்சு, அவ்ளோதான். கால்தெல்லாவுக்கு அதே துண்டு நீளவே இல்ல, குட்டையா மொட்டையா அப்படியே நிக்குது. வண்ணத்துப்பூச்சி கைவிட்ட தாடை இருக்கே, அது இதுக்குப் பல்லு பல்லா வேலை செய்யுற நிலையில இருக்கு.

சாப்பிடுற விதம் இப்படி. வாய்க்குப் பக்கத்துல அஞ்சு கணு உள்ள நீள உணரி ஒரு ஜோடி தொங்கும், முழங்கை மடக்குற மாதிரி மடங்கும். அதை வச்சு பூவோட மகரந்தப் பையில இருந்து தூளைச் சுரண்டி வாய் கிட்ட கொண்டு வரும், நாம தட்டுல கடைசிப் பருக்கையை வழிச்சு எடுக்கிற மாதிரி. அப்புறம் தாடை அரைக்கும், வாய்க்குள்ள பின்னாடி முள்ளு முள்ளா இருக்கிற ஒரு சின்னக் குழி இருக்கு, அதுவும் சேர்ந்து தேய்க்கும், மொத்தத்துல வாயே ஒரு குட்டி அம்மி. இந்தப் பூ மகரந்தத்துல ஒரு மணி எவ்ளோ சின்னதுன்னா ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு முப்பது நாப்பது மணியை வரிசையா அடுக்கலாம், அதைத்தான் இந்தப் பூச்சி அரைச்சுக்கிட்டு இருந்துச்சு, நீங்க எட்டிப் பாத்தப்போ.

ஏன் இவ்ளோ சிரமம்னா, தேன்ல இருக்கிறது பெரும்பாலும் சர்க்கரை, மகரந்தத்துல புரதம் இருக்கு. ஆனா அதோட மேல் ஓடு லேசுப்பட்டது இல்ல, கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தாலும் மக்காது, அதனாலதான் மண்ணைத் தோண்டிப் பழைய மகரந்தத்தைப் பாத்து அந்தக் காலத்துல என்ன மரம் இருந்துச்சுன்னு சொல்ல முடியுது. அப்படிப்பட்ட ஓட்டுக்குள்ள இருக்கிறதை எடுக்கணும்னா அம்மி வேணும்தானே. பேரனுக்கு என் சார்பா ஒரு சாக்லேட் வாங்கிக் குடுங்க.

கேள்வி (கோயம்புத்தூர், விலங்கியல் மாணவி): எங்க பாடப் புத்தகத்துல வண்ணத்துப்பூச்சி, அந்துப்பூச்சி எல்லாத்துக்கும் உறிஞ்சும் வாய்னு போட்டிருக்கு. நீங்க எழுதுனதைப் பரீட்சையில எழுதினா மார்க் போகுமா? இதை "மிகப் பழமையான பூச்சி"ன்னு சொல்றது சரியா?

பதில்: பரீட்சைக்குப் புத்தகத்துல இருக்கிறதையே எழுதும்மா, வேலை ஆகட்டும். அதுவும் கிட்டத்தட்ட உண்மைதான். இந்தக் கூட்டத்துல இதுவரை பேர் வச்ச இனங்கள் 1,60,000 கிட்ட வரும், அதுல மெல்லும் தாடையோட குடும்பம் மூணே மூணுதான், மத்த எல்லாமே குழல் பரம்பரை. குழல் இருந்தும் சாப்பிடாத ஜாதியும் உண்டு, குழலே தேஞ்சு போனதும் உண்டு. நம்ம பட்டுப்பூச்சியை எடுத்துக்க, கூட்டை விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் ஒரு வாய் கூட சாப்பிடாது, ஜோடி சேரும், முட்டை போடும், போயிடும்.

கால்தெல்லா குடும்பத்துல சுமார் 160 இனங்களுக்குத்தான் பேர் இருக்கு, ஆனா இந்தச் சின்னக் குடும்பம் பண்டிதர்களைப் படுத்துன பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. சாப்மன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1917ல "இது அந்துப்பூச்சியே இல்ல, வண்டு, ஈ மாதிரி இதுவும் தனி வரிசை"ன்னு சொல்லி ஜூக்ளோப்டெரான்னு புதுப் பேரே வச்சுட்டார். அவர் மேல தப்பு சொல்ல முடியாது. தாடை மட்டும் இல்ல, ரெக்கையைப் பாரு. வழக்கமா அந்துப்பூச்சியோட முன்ரெக்கையில ஒரு மாதிரி நரம்பு ஓடும், பின்ரெக்கையில குறைஞ்சு வேற மாதிரி இருக்கும். இதுக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அச்சு. ரெண்டு ரெக்கையும் சேர்ந்து அடிக்க மத்ததுக்கு முள்ளும் கொக்கியும் மாதிரி ஒரு பூட்டு உண்டு, இதுக்கு முன்ரெக்கையோட அடியில சின்ன மடல் ஒண்ணு, அவ்ளோதான்.

கூட்டுப்புழு இன்னும் வேடிக்கை. நம்ம ஊரு முருங்கை மரத்துப் புழுவோ கறிவேப்பிலைப் புழுவோ கூட்டுப்புழு ஆனா கால், ரெக்கை எல்லாம் உடம்போட ஒட்டி ஒரே கொட்டை மாதிரி ஆயிடும், வாய் அசையாது. இதுக்குக் கால் தனித்தனியா நிக்கும், பெரிய தாடை ஒரு ஜோடி இருக்கும், வெளிய வர நேரம் ஆனதும் அந்தத் தாடையால கூட்டைத் தானே கத்தரிச்சுட்டு வரும். தண்ணிக்குள்ள கல்லும் குச்சியும் ஒட்டி வீடு கட்டிக்கிட்டு வாழுமே கேடிஸ் பூச்சிப் புழு, அந்தக் கேடிஸ் பூச்சியோட கூட்டுப்புழுவும் இப்படித்தான் செய்யும். அதுல ஆச்சரியம் இல்ல, அந்துப்பூச்சிக் கூட்டம் மொத்தத்துக்கும் நெருங்கின பங்காளி கேடிஸ் பூச்சிதான். அதனால சாப்மன் தனியாப் பிரிச்சதை அப்புறம் வந்தவங்க ஏத்துக்கல, ரெக்கையில செதில் இருக்கு, நீ உள்ளதான் வான்னு திரும்ப அந்துப்பூச்சிக் கூட்டத்துலயே சேத்துட்டாங்க.

"பழமையான பூச்சி"ங்கிற வார்த்தை எனக்குப் பிடிக்கல. உங்க பெரியப்பா மகன் இன்னும் ஓட்டு வீட்டுலயே இருக்கார், நீங்க மாடி வீடு கட்டிட்டீங்கன்னு வச்சுக்க, அதுக்காக அவர் உனக்குத் தாத்தா ஆயிடுவாரா? அவரும் உன்ன மாதிரி இன்னைக்கு வாழுறவர்தான், வீடு மட்டும்தான் பழசு. கால்தெல்லாவும் வண்ணத்துப்பூச்சியோட பாட்டி இல்ல, ஒண்ணு விட்ட அக்கா, பாட்டி வச்சிருந்த அம்மியைத் தூக்கிப் போடாம வச்சிருக்கு.

கேள்வி (திண்டுக்கல் பக்கம் ஒரு விவசாயி): எங்க பூசணிக் கொடியில பூவுக்குள்ள ஆரஞ்சு நிறத்துல சின்னப் பூச்சி உக்காந்து தின்னுது. நீங்க சொன்ன பூச்சியா? மருந்து அடிக்கலாமா?

பதில்: இல்லங்க அய்யா, நீங்க சொல்ற நிறத்தைப் பாத்தா அது பூசணி வண்டு, இலை, பூ ரெண்டையும் கடிக்கும். நான் சொன்னது பயிரைத் தொடாத சாது.

கேள்வி (திருச்சியிலிருந்து ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர்): மகரந்தம் தின்கிற பூச்சி அவ்வளவு பழசு என்கிறீர்கள். பூவே தோன்றாத காலத்தில் அது எதைத் தின்றது?

பதில்: சார், உங்க கேள்விக்காகவே ஒரு பக்கம் கூட கேட்டு வாங்கினேன். இது சரியான கேள்வி, ஏன்னா கணக்கு நிஜமாவே இடிக்குது.

பூக்குற செடிகளோட புதைபடிவம் தெளிவாக் கிடைக்கிறது சுமார் 13 கோடி வருஷம் முன்னாடி இருந்துதான். அந்துப்பூச்சியோ அதுக்கு ரொம்ப முன்னாடி. இங்கிலாந்துல டார்செட் கடற்கரைப் பாறையில ஒரு சின்ன ரெக்கை கிடைச்சுது, மேல செதில் தெரியுது, வயசு சுமார் 19 கோடி வருஷம். 2018ல அதையும் தாண்டி ஒண்ணு வந்துச்சு, வட ஜெர்மனியில ஷாண்டலாங்கிற இடத்துல பூமியைத் துளைச்சு எடுத்த மண்ணுல மகரந்தம் தேடப் போனவங்களுக்கு அந்துப்பூச்சி ரெக்கைச் செதில் கிடைச்சுது, துண்டும் துணுக்குமா எழுபது. வயசு 20 கோடி வருஷம். அந்தச் செதிலைக் கண்ணாடித் தட்டுல இருந்து உடையாம எடுக்க ஊசி முனையில மனுஷ மூக்கு முடியை ஒட்டி வச்சு வேலை பாத்தாங்க சார், நான் விளையாட்டுக்குச் சொல்லல. மரபணுவை வச்சுக் கணக்குப் போட்டு 2019ல வந்த ஆய்வு இன்னும் பின்னாடி போகுது, இந்தக் கூட்டம் தொடங்குனதே 30 கோடி வருஷம் வாக்குல இருக்கும்னு.

அப்ப என்ன சாப்பாடு? பூ இல்லைனா மகரந்தமே இல்லைன்னு அர்த்தம் இல்ல, சைக்கஸ் மரம், ஊசியிலை மரம் எல்லாம் பூக்காது, ஆனா மகரந்தம் கொட்டும். அதுக்கும் முன்னாடி பெரணி வித்துத்தூள் இருந்துச்சு. இது வெறும் ஊகம் இல்ல, நியூசிலாந்துல கால்தெல்லாவோட சொந்தக்காரங்க சபாட்டிங்கான்னு ஒரு கூட்டம் இருக்கு, அதுக இன்னைக்கும் பெரணியோட தூளைத் தின்னுது. அம்மிக்கு எந்தத் தூளா இருந்தா என்ன.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம். ஷாண்டலா செதில்ல சிலது உள்ள ஒண்ணும் இல்லாம கூடா இருக்கிற செதில், அதாவது ஹாலோ. கால்தெல்லா மாதிரி பல்லுக்காரங்களுக்கு ரெக்கைச் செதில் உள்ள திடமா இருக்கும், உள்ள கூடா இருக்கிறது குழல்காரங்களோட அடையாளம். அப்படினா பூ தோன்றதுக்கு ஏழு கோடி வருஷம் முன்னாடியே குழல் வந்துடுச்சு! நாம எல்லாரும் பூவுல தேன் இருந்துச்சு, அதைக் குடிக்க ஸ்ட்ரா வந்துச்சுன்னு தானே நினைச்சுக்கிட்டு இருக்கோம். அப்ப ஸ்ட்ரா எதுக்கு? ஊசியிலை மரம் மாதிரி பூக்காத மரங்கள்ல மகரந்தத்தைப் பிடிக்க விதைக்கரு நுனியில இனிப்பா ஒரு சொட்டு கசியும், அதைக் குடிச்சிருக்கலாம், வறண்ட காலத்துல தண்ணி உறிஞ்சவும் உதவியிருக்கும்னு அந்த ஆய்வுக்காரங்க சொல்றாங்க.

பல்லுள்ள மத்த ரெண்டு குடும்பத்தையும் சொல்லிடுறேன், இல்லைனா அதுக்கும் கடிதம் வரும். ஒண்ணு ஹெட்டரோபாத்மியா, தென் அமெரிக்காவோட தெற்கு ஓரத்துல அர்ஜென்டினா, சிலி பக்கம், அங்க உள்ள நோதோஃபேகஸ் மரத்தோட மகரந்தம் தின்னும், புழு அதே மரத்து இலைக்குள்ளயே சுரங்கம் தோண்டி வாழும். இன்னொண்ணு அகதிஃபேகா, ஆஸ்திரேலியாவோட குவீன்ஸ்லாந்துலயும் பசிபிக் தீவுகள்லயும் கௌரின்னு ஒரு ஊசியிலை மர வகை இருக்கு, அதோட விதைக்குள்ள புழு வாழும். எடுத்து வச்ச விதைக்குள்ள பன்னிரண்டு வருஷம் வரை தூங்கி அப்புறம் வெளிய வந்த புழுவும் உண்டு. பன்னிரண்டு வருஷம்னா நம்ம ஊர்ல குறிஞ்சி பூக்குற கணக்கு சார்.

கேள்வி (நாகர்கோவில்): வளர்ந்த பூச்சி மகரந்தம் தின்னும் சரி, புழு என்ன தின்னும், எங்க இருக்கும்?

பதில்: தரையில இருக்கும், அதான் யாரும் பாக்குறது இல்ல. சாப்மன்னு சொன்னேனே, அவர்தான் 1894ல கால்தெல்லா புழுவைப் பத்தி முதல்ல விவரமா எழுதினார். பெண் பூச்சி புல் அடியில கொத்தா முட்டை வைக்கும், முட்டை மேல மெல்லிசா குச்சி குச்சியா நின்னு பூஞ்சை பூத்த மாதிரி தெரியும். புழு சில மில்லிமீட்டர்தான், உருண்டையா இருக்காது, பட்டை பட்டையா, மேல செதில் மாதிரி முடி, புழுவுக்கு இருக்கக் கூடாத அளவுக்கு நீளமான மீசை. சாதாரணக் கம்பளிப்புழுவுக்கு வயித்துல அதிகபட்சம் அஞ்சு ஜோடி போலிக்கால், இதுக்கு எட்டு ஜோடி! உதிர்ந்த இலைச் சருகு, ஈரமண், அதுக்குள்ள மெதுவா நகர்ந்துக்கிட்டு, மக்கின சருகும் பிஞ்சு இலையும் தின்னுக்கிட்டு குளிர்காலத்தைப் புழுவாவே கழிச்சுட்டு வசந்தத்துல கூடு கட்டும்.

ஜப்பான்ல இருக்கிற சொந்தக்காரங்களுக்கு வேற ருசி. அங்க ஓடை ஓரத்துல பாறையோட ஒட்டி வளர்ற லிவர்வொர்ட், பாசி மாதிரி பச்சைத் தகடு தகடா இருக்கும், அதுல கோனோசெஃபலம்னு ஒரே ஒரு வகை, அதை மட்டும்தான் புழு தின்னும். அங்க இனம் இனமாப் பிரிஞ்சு போயும் சாப்பாட்டை மாத்தவே இல்லன்னு 2011ல ஆய்வு வந்துச்சு. மலைக்கு மலை பிரிஞ்சு தனித்தனி இனமா ஆயிடுச்சு, தட்டுல மட்டும் அதே பதார்த்தம். நம்ம வீட்டுல மூணு நாள் உப்புமா போட்டா என்ன நடக்கும்னு சொல்லத் தேவையில்ல.

கேள்வி (சென்னை): ரெக்கையில அந்தத் தங்க நிறம் சாயமா?

பதில்: சாயம் இல்ல, சோப்பு நுரை வித்தை. செதிலோட அடித் தகடு ரொம்ப மெல்லிசு, வெளிச்சம் அதோட மேல்பக்கமும் அடிப்பக்கமும் பட்டு ரெண்டா திரும்பி வரும்போது சேர்ந்து சில நிறம் தூக்கலாத் தெரியும், தகட்டோட தடிமன் மாறினா நிறமும் மாறும். ரெக்கை உடம்போட சேர்ற இடத்துல ஊதாவும் மத்த இடத்துல பொன்னும் அப்படித்தான்.

கேள்வி (சேலம்): ராத்திரி லைட்டுக்கு வருமா? எங்க வீட்டு டியூப்லைட்ல தினமும் விழுறதெல்லாம் இதானா?

பதில்: இது பகல் ஆசாமி. உங்க டியூப்லைட்டுல விழுறது விட்டில், ஈசல், அரிசி மூட்டையில இருந்து கிளம்புன அந்து. அந்துன்னா ஞாபகம் வருது, அரிசியைத் தின்னது அதோட புழு, பறக்குற அந்து உங்க அரிசியில ஒரு பருக்கையைக் கூட கடிக்க முடியாது, வாய் அப்படி. நான் சின்ன வயசுல பறக்குறதைத்தான் அடிச்சுக் கொன்னுட்டு இருந்தேன், பாட்டி பேசாம மூட்டையை வெயில்ல கொட்டிடுவாங்க.

கேள்வி (புதுச்சேரி): அமெரிக்க வண்ணத்துப்பூச்சி ஒண்ணு மகரந்தம் தின்னும்னு வீடியோ பாத்தேன். அப்ப உங்க பூச்சிக்கு என்ன ஸ்பெஷல்?

பதில்: ஹெலிகோனியஸ் வண்ணத்துப்பூச்சியைச் சொல்றீங்க, மத்திய, தென் அமெரிக்காவுல இருக்கிறது. அது மெல்லாது. குழல் மேல மகரந்தத்தை உருண்டையா ஒட்ட வச்சுக்கிட்டு, எச்சில் விட்டு மணிக்கணக்குல ஊற வச்சு, கரைஞ்சு வர்ற சத்தை உறிஞ்சிக்கும். அந்தச் சத்தால மாசக்கணக்குல உயிரோட இருக்கும், முட்டையும் போட்டுக்கிட்டே இருக்கும். பல்லு போனவங்க முறுக்கை டீயில முக்கிச் சாப்பிடுவாங்களே, அந்த முறை. கால்தெல்லா முறுக்கை நேரா கடிக்குது.

கேள்வி (தஞ்சாவூர் பள்ளி மாணவன்): பூச்சி மகரந்தத்தைத் தின்னுட்டா பூவுக்கு நஷ்டம் தானே? பூ ஏன் சும்மா இருக்கு?

பதில்: தம்பி, பட்டர்கப் பூவை உரிச்சுப் பாத்தா மகரந்தக் காம்பு டஜன் கணக்குல இருக்கும், பத்துப் பூச்சி தின்னாலும் மிச்சம் இருக்கும். தின்னுற பூச்சி உடம்பெல்லாம் தூளோட தான் அடுத்த பூவுக்குப் போகும், சர்க்கரை டப்பாவுக்குள்ள கை விட்டவன் கையப் பாத்தாலே தெரியுமே, அது மாதிரி. நியூ கலிடோனியாங்கிற பசிபிக் தீவுல சைகோகைனம்னு ஒரு மரம் இருக்கு, பூக்குற மரங்கள்ல ரொம்ப முன்னாடியே பிரிஞ்ச வம்சத்துல ஒண்ணு. அதோட பூவுக்குள்ள சபாட்டிங்கா பூச்சி கூட்டமாக் கூடி மகரந்தம் தின்னுது, அங்கேயே கல்யாணமும் பண்ணிக்குது, அப்புறம் தூளைப் பூசிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போயி அந்த மரத்துக்கு விதை பிடிக்க வைக்குதுன்னு 1985ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. பந்தியும் அங்கதான், மண்டபமும் அங்கதான், பூவுக்கு வாடகை மகரந்தம் எடுத்துட்டுப் போற வேலை.